சூடானதும் ஆயில் லைட் மினுக்குகிறது: ஆயில் பம்ப்பை வீட்டிலேயே கழற்றிப் பார்க்கலாமா? (கொரோலா வேகன், 5ஏ எஞ்சின்)

ரங்கூன்_வேகன்
சனிக்கிழமை, காலை 8.10

எல்லோருக்கும் வணக்கம். ரங்கூன் தாம்வேயில் இருக்கிறேன். வண்டி 1996 மாடல் கொரோலா வேகன், 5ஏ-எஃப்இ எஞ்சின், 1498 சிசி, மேனுவல் கியர். 2011-ல் பழைய வண்டியை ஒப்படைத்து இறக்குமதிச் சீட்டு வாங்கும் திட்டம் வந்ததே, அதில் அப்பா தன் பழைய ஜீப்பைக் கொடுத்து எடுத்த வண்டி இது. அப்பா இப்போது இல்லை. அதனால் இந்த எஞ்சினை யார் கையிலும் கொடுத்துவிட்டுச் சும்மா இருக்க மனம் வரவில்லை.

பிரச்சினை இதுதான். போன வாரம் சிரியம் பாலம் தாண்டி வீட்டுக்குத் திரும்பும்போது, நெரிசலில் வண்டி நின்றதும் சிவப்பு ஆயில் லைட் மினுக்க ஆரம்பித்தது. ஆக்ஸிலேட்டரைத் தொட்டால் அணைகிறது, விட்டால் மறுபடி மினுக்குகிறது. காலையில் எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது ஒன்றும் இல்லை. ஆயில் அளவு சரியாக இருக்கிறது. 10டபிள்யூ-30 ஆயில் போட்டு 4000 கிலோமீட்டர்தான் ஓடியிருக்கிறது. அந்த லைட்டை எரியவைக்கும் ஆயில் ஸ்விட்சைப் புதிதாக மாற்றினேன், அப்படியும் அதேதான்.

பட்டறையில் காட்டினேன். எஞ்சின் சத்தத்தை அரை நிமிடம் கேட்டுவிட்டு "பம்ப் போய்விட்டது, மாற்றிவிடலாம்" என்றார்கள். எதையும் அளந்து பார்க்கவில்லை. இரண்டு வருஷத்துக்கு முன்னால் சம்ப் (எஞ்சின் அடியில் ஆயில் தேங்கும் தொட்டி) கசிவை அடைத்துக் கொடுத்ததும் அதே பட்டறைதான்.

என்னிடம் சாக்கெட் செட், இரண்டு ஜாக்கி ஸ்டாண்டு, ஒரு டார்க் ரென்ச் இருக்கின்றன. வீட்டு முன்னால் சிமெண்ட் தரை. டைமிங் பெல்ட் ஒரு முறை நானே மாற்றியிருக்கிறேன். பம்ப்பை நானே கழற்றிப் பார்க்கலாமா? பார்த்தால் எதைப் பார்க்க வேண்டும்?


பெகு_லைன்கார்
சனிக்கிழமை, காலை 9.25

தம்பி, இதற்குப் போய் எஞ்சினைப் பிரிக்காதீர்கள். எங்கள் லைன் வண்டிகளில் இந்த லைட் வந்தால் 20டபிள்யூ-50 ஊற்றுவோம், அணைந்துவிடும். சித்திரை வெயிலில் மெல்லிய ஆயில் தண்ணீர் மாதிரி ஆகிவிடும். கெட்டியான ஆயில் போட்டு ஓட்டுங்கள்.


மோல்மீன்_பட்டறை
சனிக்கிழமை, பகல் 1.40

தம்பி, பம்ப்பைத் தொடுவதற்கு முன்னால் ஆயில் அழுத்தம் காட்டும் கேஜ் மாட்டுங்கள். நான் முப்பது வருஷத்துக்கு மேலாக இந்த வேலைதான் செய்கிறேன். பம்ப் போய்விட்டது என்று என்னிடம் வந்த வண்டிகளில் பாதிக்கு மேல் பம்ப் நன்றாகத்தான் இருந்தது.

முதலில் ஒரு விஷயம். பம்ப் அழுத்தத்தை உண்டாக்குவதில்லை. அது ஆயிலைத் தள்ளுகிறது, அவ்வளவுதான். போகிற வழியில் இருக்கும் இறுக்கம்தான் அழுத்தமாகத் தெரிகிறது. வீட்டில் முறுக்கு உரலைப் பிடித்துப் பார்த்திருப்பீர்கள். மாவு இளகிவிட்டால் கைக்கு அழுத்தமே தெரியாது. ஆயில் நீர்த்துப்போனால் அப்படித்தான். அச்சுக் கண் தேய்ந்து பெரிதானாலும் கை சுலபமாக இறங்கும். பேரிங் தேய்ந்தால் அப்படித்தான். உள்ளே அழுத்தும் கட்டை தேய்ந்து லொடலொட என்று இருந்தால் மாவு கீழே போகாமல் பக்கவாட்டில் மேலே ஏறி வரும். பம்ப் தேய்மானம் என்பது அதுதான். மூன்றிலும் அழுத்தம் குறையும், லைட்டும் எரியும். எது காரணம் என்று லைட்டுக்குத் தெரியாது.

அந்த ஸ்விட்ச் சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 0.3 கிலோ அழுத்தத்தில் வேலை செய்வது. அதற்குக் கீழே போனால் எரியும், மேலே இருந்தால் அணையும். ஓட்டத்தில் 1 கிலோ மட்டும் இருந்தாலும் லைட் அணைந்துதான் இருக்கும், எஞ்சினோ பட்டினி கிடக்கும். ஆகவே லைட் அணைந்தால் போதும் என்று இருந்துவிடக் கூடாது. பெகுத் தம்பி, இதை உங்களுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

ஸ்விட்சைக் கழற்றி அந்தத் துளையில் ஒரு மெக்கானிக்கல் கேஜ் மாட்டுங்கள். டொயோட்டாவில் அந்த மரை 1/8 பிஎஸ்பிடி, அதாவது கூம்பாகச் சரியும் பிரிட்டிஷ் குழாய் மரை. அமெரிக்க 1/8 மரையும் பார்க்க அதே மாதிரிதான் இருக்கும், இரண்டு சுற்று ஏறும், அப்புறம் பிளாக்கின் மரையைத் தின்றுவிடும். சரியான அடாப்டர் இல்லாமல் முறுக்காதீர்கள். அரை மணி நேரம் வண்டியை ஓட்டிச் சூடேற்றிவிட்டு அளவு எடுங்கள். உங்கள் 5ஏ சேர்ந்த ஏ-சீரிஸ் எஞ்சின்களின் கையேட்டில் கொடுத்திருப்பது: ஐடிலில் (ஆக்ஸிலேட்டரைத் தொடாமல் ஓடும்போது) 0.3 கிலோவுக்குக் குறையக் கூடாது, நிமிடத்துக்கு 3000 சுற்றில் 2.5 முதல் 5 கிலோ வரை இருக்க வேண்டும்.

ஒரு எண்ணோடு நிறுத்த வேண்டாம். குளிர்ந்த நிலையில் எவ்வளவு, சூட்டில் ஐடிலில் எவ்வளவு, 2000, 3000, 3500-ல் எவ்வளவு, ஊசி நிதானமாக நிற்கிறதா நடுங்குகிறதா, எல்லாவற்றையும் எழுதி வையுங்கள். உங்களிடம் கேஜ் இல்லை என்றால் சொல்லுங்கள். என்னுடையதை ரங்கூன் பஸ்ஸில் போட்டுவிடுகிறேன்.


மண்டலே_ஏடி
சனிக்கிழமை, மாலை 5.05

எனக்கும் இதே மாதிரி மினுக்கியது. கடைசியில் ஆயில்தான் கலப்படம் என்று தெரிந்தது. டப்பா, மூடி, சீல் எல்லாம் அசல் போலவே இருந்தன. நம்பிக்கையான கடையில் வாங்கி மாற்றியதும் நின்றுவிட்டது. அதையும் பாருங்கள்.


ரங்கூன்_வேகன்
சனிக்கிழமை, இரவு 8.30

மாமா, மிகவும் நன்றி. இங்கே கிடைத்த கேஜில் அடாப்டர் அமெரிக்க மரைதான் இருந்தது. நீங்கள் சொல்லாவிட்டால் அதையே முறுக்கியிருப்பேன். உங்கள் கேஜையே அனுப்புங்கள், காத்திருக்கிறேன். மண்டலே அண்ணே, ஆயிலையும் வேறு கடையில் வாங்கி மாற்றிவிட்டே அளக்கிறேன்.


ரங்கூன்_வேகன்
வியாழக்கிழமை, இரவு 9.15

கேஜ் வந்தது, இன்று அளந்தேன். புது ஆயில், புது ஃபில்டர், அதே 10டபிள்யூ-30.

காலையில் ஸ்டார்ட் செய்ததும்: 2.4 கிலோ.
நாற்பது நிமிடம் ஓட்டிய பிறகு ஐடிலில்: 0.2.
2000 சுற்றில்: 1.5.
3000-ல்: 1.6.
3500-ல்: ஊசி நடுங்கி 1.3-க்கு இறங்கிவிடுகிறது.

நடுங்குவதைக் கண்ணால் பார்த்தபோது பயமாகத்தான் இருந்தது. உடனே எஞ்சினை அணைத்துவிட்டேன். பழைய ஃபில்டரையும் அறுத்துப் பார்த்தேன். மடிப்புகளில் மினுமினுப்பு அதிகம் இல்லை. காந்தத்தில் மெல்லிய சாம்பல் நிறப் பொடி கொஞ்சம் ஒட்டியது. செம்பு நிறத்தில் எதுவும் இல்லை.


மோல்மீன்_பட்டறை
வியாழக்கிழமை, இரவு 10.20

நல்ல அளவுகள், தம்பி. இதில் நிறைய விஷயம் இருக்கிறது.

பேரிங் மட்டும் தேய்ந்திருந்தால் சுற்று ஏற ஏற அழுத்தமும் ஏறிக்கொண்டே போயிருக்கும், ஐடிலில்தான் பள்ளம் தெரியும். குளிரில் நன்றாகக் காட்டும். உங்களுக்குக் குளிரிலேயே குறைவு. 4 கிலோவை ஒட்டி நிற்க வேண்டிய இடத்தில் 2.4 நிற்கிறது. அது ஒரு அடையாளம்.

3500-ல் ஊசி நடுங்கிக் கீழே இறங்குவது இன்னொரு அடையாளம். வேகமாகச் சுற்றும்போது பம்ப்புக்கு ஆயில் பற்றவில்லை, காற்றையும் சேர்த்து இழுக்கிறது. உறிஞ்சும் பக்கத்தில் அடைப்பு, இல்லையென்றால் ஸ்ட்ரெயினர் (சம்ப்பிலிருந்து ஆயிலை உறிஞ்சும் வலை வைத்த குழாய்) காஸ்கெட்டில் காற்றுக் கசிவு. சம்ப்பை ஒட்டிக் கொடுத்தார்கள் என்று சொன்னீர்களே, எனக்கு அங்கேதான் சந்தேகம்.

பம்ப் டைமிங் பெல்ட்டுக்குப் பின்னால் இருக்கிறது, கிராங்க் தண்டின் முன்முனையில் நேரே உட்கார்ந்திருக்கிறது. அதற்குப் போக பாதி எஞ்சினைப் பிரிக்க வேண்டும். முதலில் சம்ப்பை மட்டும் இறக்கி ஸ்ட்ரெயினரைப் பாருங்கள்.


தாட்டோன்_அக்கா
வெள்ளிக்கிழமை, காலை 6.50

தம்பி, சம்ப் இறக்குவதற்கு முன்னால் ஒன்று. இரண்டு ஸ்டாண்டு போட்டாலும் வண்டியைக் கையால் நன்றாக ஆட்டிப் பார்த்துவிட்டுத்தான் அடியில் படுக்க வேண்டும். பின்சக்கரத்துக்கு இரண்டு பக்கமும் கட்டை கொடுங்கள். செங்கல்லை மட்டும் நம்பாதீர்கள், அது சொல்லாமல் உடையும். மழை பெய்தால் வேலையை நிறுத்துங்கள், ஈரச் சிமெண்ட்டில் ஸ்டாண்டு வழுக்கும். ஆயிலைக் கால்வாயில் விட வேண்டாம். எங்கள் ஊரில் பழைய ஆயில் வாங்க ஆள் வருவார்கள், ரங்கூனிலும் இருப்பார்கள்.

நான் சொந்தமாகச் சம்ப் இறக்கியவள் என்பதால் இன்னொன்றும் சொல்கிறேன். வெளியேற்றுக் குழாயின் முன்துண்டு குறுக்கே வரும், அதைக் கழற்றாமல் சம்ப் வராது. அந்த நட்டுகளுக்கு முதல் நாள் இரவே துரு எண்ணெய் விட்டு வையுங்கள். சம்ப் விளிம்பில் ஸ்குரூ டிரைவரைச் செருகி நெம்பக் கூடாது. விளிம்பு வளைந்தால் பிறகு எத்தனை சிலிக்கான் வைத்தாலும் கசியும். மெல்லிய தகட்டுக் கத்தியைச் சுத்தியலால் பக்கவாட்டில் தட்டிக்கொண்டே போக வேண்டும். பொறுமையாகச் செய்தால் ஒரு மணி நேரத்தில் வந்துவிடும்.


ரங்கூன்_வேகன்
ஞாயிற்றுக்கிழமை, மாலை 6.30

மாமா சொன்னது சரியாகிவிட்டது.

சம்ப் இறங்கியதும் ஸ்ட்ரெயினரைக் கீழேயிருந்து டார்ச் அடித்துப் பார்த்தேன். வலையில் மூன்றில் இரண்டு பங்கு அடைத்திருந்தது. பெரும்பாலும் சிலிக்கான். புழு மாதிரி நீள நீளமாக, சில துண்டுகள் என் சுண்டுவிரல் நகம் அளவு. சம்ப் ஒட்டும்போது அள்ளி வைத்திருக்கிறார்கள். வெளியே பிதுங்கியதைத் துடைத்திருக்கிறார்கள், உள்ளே பிதுங்கியது அப்படியே ஆயிலில் விழுந்திருக்கிறது. துண்டுகளின் இடுக்கில் கருப்புச் சேறு உறைந்து வலையை மூடிவிட்டது. சம்ப் அடியிலும் இரண்டு தேக்கரண்டி அளவுக்குச் சேறு.

ஸ்ட்ரெயினரை மண்ணெண்ணெயில் ஊறவைத்து மென்மையான பிரஷ்ஷால் தேய்த்தேன். வலைக்கு உள்ளே போய்விட்ட துண்டுகளைக் குழாய் வழியாகக் காற்று அடித்து எடுத்தேன். புது காஸ்கெட் வைத்து மாட்டினேன். சம்ப் விளிம்பையும் பிளாக்கையும் சுத்தமாகத் துடைத்து, 3 மில்லிமீட்டர் கம்பி கனத்துக்குச் சிலிக்கான் விட்டு, போல்ட்டு துளைகளுக்கு உள்பக்கமாகக் கொண்டுபோனேன். உடனே மாட்டி எல்லா போல்ட்டுகளையும் சிறிது சிறிதாக இறுக்கினேன். கையேட்டில் இந்தப் போல்ட்டுகளுக்கு 5 நியூட்டன் மீட்டர் அளவுதான் இருக்கிறது. அது ஒரு ஸ்பேனரின் கழுத்தை இரண்டு விரலில் பிடித்து இறுக்கும் இறுக்கம். இரண்டு மணி நேரம் விட்டுத்தான் ஆயில் ஊற்றினேன்.

இப்போது அளவு: குளிரில் 3.1. சூட்டில் ஐடிலில் 0.4. 3000-ல் 2.2. ஊசி நடுங்கவே இல்லை. லைட்டும் மினுக்கவில்லை.

இதோடு நிறுத்தலாமா?


பெகு_லைன்கார்
ஞாயிற்றுக்கிழமை, இரவு 7.45

லைட் அணைந்துவிட்டது, நடுக்கமும் போய்விட்டது. இப்போதாவது 15டபிள்யூ-40 ஊற்றி ஓட்டுங்கள் தம்பி. 2.2-க்கும் 2.5-க்கும் எவ்வளவு வித்தியாசம்? கிடைத்த வரை போதும் என்று விடுங்கள். பெல்ட்டை எல்லாம் அவிழ்த்து வேறு ஏதாவது ஒன்று கெட்டுவிட்டால்?


மோல்மீன்_பட்டறை
ஞாயிற்றுக்கிழமை, இரவு 9.00

பெகுத் தம்பி சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. கையேடு அனுமதித்தால் வெயில் காலத்துக்குக் கொஞ்சம் கெட்டியான ஆயில் போடுவதில் தப்பில்லை. ஆனால் அது குறையை மறைக்கப் போடுகிற ஆயிலாக இருக்கக் கூடாது.

எனக்கு ஏன் மனம் ஒப்பவில்லை என்று சொல்கிறேன். எஞ்சினுக்குள் ஓடும் ஆயில் எல்லாம் ஃபில்டர் வழியாக வடிந்துதான் பேரிங்குக்குப் போகிறது. பம்ப்புக்கு மட்டும் அந்தப் பாதுகாப்பு இல்லை. பம்ப் ஃபில்டருக்கு முன்னால் இருக்கிறது. சம்ப்பில் கிடக்கும் அழுக்கு ஸ்ட்ரெயினர் வலை தாண்டினால் முதலில் போய் விழுவது பம்ப்பின் பல்லுக்கு நடுவில்தான். வலை கண்ணோ பெரியது, கல்லைத்தான் தடுக்கும், மணலைத் தடுக்காது. இரண்டு வருஷம் அந்தச் சேற்றை உறிஞ்சிய பம்ப் எப்படி இருக்கும் என்று பார்க்காமல் விடுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

அதோடு, குளிரில் 3.1 இன்னும் குறைவு. அழுத்தம் மிஞ்சினால் ஆயிலைத் திருப்பி விடும் ரிலீஃப் வால்வு முழுவதும் மூடாமல் நிற்கிறதோ என்று நினைக்கிறேன். அவசரம் இல்லை. 3000-க்கு மேல் ஏற்றாமல் பக்கத்தில் ஓட்டுங்கள். நேரம் கிடைக்கும்போது பிரியுங்கள். டைமிங் பெல்ட் மாற்றும் காலம் நெருங்கியிருந்தால் இரண்டையும் சேர்த்தே செய்யலாம்.


தாட்டோன்_அக்கா
திங்கட்கிழமை, காலை 7.10

மாமா, அப்படியென்றால் முதலிலேயே பம்ப்பையும் சேர்த்துக் கழற்றியிருந்தால் சம்ப்பை இரண்டு முறை இறக்க வேண்டியிருக்காதே? சிலிக்கான், ஆயில், ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லாம் இரண்டு தடவை செலவு.


மோல்மீன்_பட்டறை
திங்கட்கிழமை, பகல் 12.30

செலவுதான் அம்மா. ஆனால் எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றியிருந்தால் எதனால் சரியானது என்று யாருக்கும் தெரிந்திருக்காது. புது பம்ப் போட்டுவிட்டு ஸ்ட்ரெயினரைச் சரியாகக் கழுவாமல் விட்டால் புதியதும் ஆறு மாதத்தில் போய்விடும். அப்படிப் போன பம்ப்புகளை நான் பார்த்திருக்கிறேன். இப்போது ஸ்ட்ரெயினர் எவ்வளவு குறைத்தது என்று எண்ணாகவே தெரிந்துவிட்டது. மிச்சம் இருக்கிற குறைவு மட்டும்தான் பம்ப்பின் கணக்கு.


ரங்கூன்_வேகன்
திங்கட்கிழமை, இரவு 8.00

பெல்ட் போட்டு 80,000 கிலோமீட்டர் தாண்டிவிட்டது மாமா. சேர்த்தே செய்துவிடுகிறேன். அடுத்த வாரம் மூன்று நாள் விடுமுறை. எதை எந்த வரிசையில் செய்ய வேண்டும் என்று கொஞ்சம் சொல்லுங்கள்.


மோல்மீன்_பட்டறை
திங்கட்கிழமை, இரவு 10.45

சரி, எழுதுகிறேன். பெல்ட் வேலை உங்களுக்குத் தெரியும் என்பதால் அதை நீட்டவில்லை.

பேட்டரி நெகட்டிவைக் கழற்றுங்கள். ஆயிலை வடியுங்கள். வலது பக்க எஞ்சின் மவுண்டை எடுக்க வேண்டியிருக்கும், ஆகவே எஞ்சினுக்கு அடியில் மரக்கட்டை வைத்து ஜாக்கியால் தாங்குங்கள். முதல் சிலிண்டரை மேல்புள்ளிக்குக் கொண்டுவந்து குறிகளைப் பார்த்து, பெயிண்டால் நீங்களும் ஒரு குறி போட்டுக்கொள்ளுங்கள்.

கிராங்க் புல்லி போல்ட்டுதான் பலருக்கும் தடை. ஐந்தாவது கியரில் போட்டு ஒருவர் பிரேக்கை அழுத்திப் பிடிக்க, நீளக் குழாய் மாட்டிய பாரால் திறந்தால் வந்துவிடும். ஸ்டார்ட்டரைத் தட்டி கழற்றும் வித்தை ஒன்று சொல்வார்கள். அதைச் செய்யாதீர்கள். பார் தெறித்துக் கை முறிந்தவரை எனக்குத் தெரியும்.

பெல்ட், கிராங்க் பல்சக்கரம், ஆயில் அளவுக் கோலின் குழாய், சம்ப், ஸ்ட்ரெயினர் எல்லாம் வந்தபிறகு பம்ப்பை ஏழு போல்ட்டு பிடித்திருக்கும். அவற்றின் நீளம் ஒன்றுபோல இருக்காது. ஒரு அட்டையில் பம்ப் படத்தை வரைந்து, எந்தத் துளையில் எது இருந்ததோ அங்கேயே குத்தி வையுங்கள். பிளாஸ்டிக் சுத்தியலால் பின்புறமிருந்து மெதுவாகத் தட்டினால் பம்ப் முன்னால் வரும்.

இனிதான் பார்க்க வேண்டியது. பின்மூடி ஸ்குரூக்கள் மிகவும் இறுக்கமாக இருக்கும். சாதாரண ஸ்குரூ டிரைவரால் முயன்றால் தலை போய்விடும். சுத்தியலால் அடிக்கும் இம்பாக்ட் டிரைவர் வேண்டும். திறந்ததும் உள்ளே இரண்டு ரோட்டர், உள்ளே இருப்பது சிறியது, வெளியே இருப்பது பெரியது. இரண்டின் குறியும் எந்தப் பக்கம் பார்த்து இருக்கிறது என்று பாருங்கள். மூடியைப் பார்த்து இருக்க வேண்டும். திரும்ப மாட்டும்போதும் அப்படியே.

ஃபீலர் கேஜால் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள்) மூன்று இடத்தில் அளங்கள். வெளி ரோட்டருக்கும் பம்ப் உடம்புக்கும் நடுவில், எல்லை 0.20 மில்லிமீட்டர். இரண்டு ரோட்டரின் பல் நுனிகளுக்கு நடுவில், எல்லை 0.35. அப்புறம் ஒரு நேரான எஃகு விளிம்பைப் பம்ப் முகத்தின் மேல் வைத்து, அதற்கும் ரோட்டர் முகத்துக்கும் நடுவில், எல்லை 0.10. இவை ஏ-சீரிஸ் கணக்கு. வேறு எஞ்சின் வைத்திருப்பவர்கள் அவரவர் கையேட்டைப் பாருங்கள்.

கடைசியில் ரிலீஃப் வால்வு. வளையத்தைக் கழற்றும்போது ஸ்பிரிங் முகத்தில் பாயும், கட்டைவிரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டே எடுங்கள். பிஸ்டனுக்கு ஆயில் தடவித் துளைக்குள் விடுங்கள். தன் எடையிலேயே வழுக்கிக்கொண்டு அடி வரை இறங்க வேண்டும். நடுவில் நின்றால் வால்வு கோளாறு.


வியாசர்பாடி_லேத்
செவ்வாய்க்கிழமை, காலை 10.10

வணக்கம். எங்கள் தாத்தா காலத்தில் பர்மாவிலிருந்து வந்து வியாசர்பாடியில் குடியேறிய குடும்பம். இங்கே லேத் பட்டறை வைத்திருக்கிறேன். ரங்கூன் பேச்சு எங்கே கேட்டாலும் நின்று கேட்டுவிடுவேன், அதனால்தான் எழுதுகிறேன்.

மூன்று இடைவெளிகளில் முக்கியமானது ரோட்டர் முகத்துக்கும் மூடிக்கும் நடுவில் இருப்பது. எல்லை எண்ணிலேயே அது மிகச் சிறியது, காரணம் உண்டு. பல் நுனியில் கசிவு ஒரு கோட்டில்தான் நடக்கிறது. முகத்திலோ ரோட்டரின் அகலம் முழுவதும் அழுத்தப் பக்கத்திலிருந்து உறிஞ்சும் பக்கத்துக்கு ஆயில் திரும்பி ஓட வழி இருக்கிறது. இடைவெளி இரண்டு மடங்கானால் கசிவு இரண்டு மடங்காக நிற்காது, இடைவெளியின் மூன்றாம் அடுக்கோடு, அதாவது எட்டு மடங்காக ஏறும். ஆகவே 0.10-க்கும் 0.13-க்கும் இருக்கும் வித்தியாசத்தைச் சின்னது என்று நினைக்க வேண்டாம்.

ஃபீலர் தகட்டைச் செருகும்போது வலிந்து தள்ளக் கூடாது. மெல்லிய இழுவை தெரிய வேண்டும், பழைய புத்தகத்தின் பக்கங்களுக்கு நடுவிலிருந்து தாளை உருவுகிற மாதிரி. தகட்டையும் பம்ப்பையும் துடைத்துவிட்டு அளங்கள். ஒரு சொட்டு ஆயில் இருந்தாலும் கணக்கு மாறும்.


ரங்கூன்_வேகன்
சனிக்கிழமை, இரவு 9.40

பம்ப் வெளியே வந்துவிட்டது. நாள் முழுவதும் ஆனது, நடுவில் மின்சாரம் போய் இரண்டு மணி நேரம் டார்ச் வெளிச்சத்தில் வேலை. புல்லி போல்ட்டு தம்பி பிரேக் அழுத்த, நான்கு அடிக் குழாயில் வந்தது.

உடம்பு இடைவெளி 0.17. நுனி இடைவெளி 0.15. இரண்டும் எல்லைக்குள். முக இடைவெளி 0.13, எல்லை தாண்டிவிட்டது. மூடியின் உள்முகத்தில் வட்ட வட்டமாகக் கீறல். நகத்தை ஓட்டினால் தட்டுகிறது.

ரிலீஃப் வால்வைச் சொல்கிறேன். பிஸ்டனை ஆயில் தடவி விட்டேன். பாதியில் நின்றது. குலுக்கினேன், நகரவில்லை. பென்சிலால் தள்ளினால்தான் போனது. வெளியே எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தால், பக்கவாட்டில் நீளவாக்கில் ஒரு கீறல், துளையின் சுவரிலும் அதற்கு நேரே ஒரு கீறல். கீறலின் முனையில் கடுகில் பாதி அளவு பளபளப்பான துணுக்கு ஒன்று அலுமினியத்தில் பதிந்திருக்கிறது. அந்தத் துணுக்குதான் இத்தனை நாள் வால்வை முழுவதும் மூடவிடாமல் பிடித்திருக்கிறது.

இனி ரோட்டர் செட் மட்டும் மாற்றலாமா, முழு பம்ப்பே மாற்ற வேண்டுமா?


வியாசர்பாடி_லேத்
ஞாயிற்றுக்கிழமை, காலை 7.30

தம்பி, முக இடைவெளி மட்டும் என்றால் கண்ணாடிப் பலகையில் எமரித்தாள் ஒட்டிப் பம்ப்பின் முகத்தை 8 எழுதுவது போலச் சுழற்றித் தேய்த்து இறக்கலாம், மூடியையும் தேய்த்துக் கீறலை எடுக்கலாம். இங்கே கிடைக்காத பம்ப்புகளுக்கு அப்படிச் செய்து கொடுத்திருக்கிறேன். ஆனால் வால்வுத் துளையில் கீறல் இருந்தால் அதைக் கையால் சரிசெய்ய முடியாது. முழு பம்ப்பே வாங்குங்கள்.


பெகு_லைன்கார்
ஞாயிற்றுக்கிழமை, காலை 8.15

தம்பி, அந்தத் துணுக்கைப் படித்ததும் என் வண்டிகள் நினைவுக்கு வந்தன. வாங்குவதுதான் வாங்குகிறீர்கள், அதிகமாக ஆயில் தள்ளும் பெரிய பம்ப் கிடைத்தால் போடலாமே?


மோல்மீன்_பட்டறை
ஞாயிற்றுக்கிழமை, காலை 9.00

வேண்டாம். ரிலீஃப் வால்வு ஒரு அளவுக்கு மேல் வந்த ஆயிலைத் திருப்பி விட்டுவிடும். அதிகமாகத் தள்ளியது வீணாகச் சுற்றிச் சூடாகும், எஞ்சின் சக்தியும் கொஞ்சம் போகும். இந்த எஞ்சினுக்கு உள்ள பம்ப்பே போதும்.

தம்பி, புது பம்ப்பையும் நம்பி மாட்டாதீர்கள். பழையதை எப்படி அளந்தீர்களோ அப்படியே புதியதையும் திறந்து அளந்துவிட்டு மாட்டுங்கள்.


ரங்கூன்_வேகன்
திங்கட்கிழமை, இரவு 10.00

மாமா சொன்னது எவ்வளவு நல்லதாகப் போயிற்று!

முதல் கடையில் எடுத்த பம்ப்பை முன்பணம் கட்டி வீட்டுக்குக் கொண்டுவந்து திறந்தேன். முக இடைவெளி 0.11. புதியதே எல்லை தாண்டியிருக்கிறது. திருப்பிக் கொடுத்தேன், வாங்கிக்கொண்டார்கள். இரண்டாவது கடையில் கொஞ்சம் விலை கூட, ஆனால் 0.05. வால்வு பிஸ்டன் சொட்டென்று இறங்கியது. ஆனால் வால்வுத் துளையின் ஓரத்தில் கடைசல் துகள் ஒட்டியிருந்தது. எல்லாவற்றையும் பிரித்து மண்ணெண்ணெயில் கழுவி, காற்றடித்து, ஆயில் தடவித் திரும்பக் கோத்தேன்.

கிராங்க் முன் ஆயில் சீலைப் பம்ப்பிலேயே புதிதாக அடித்து, உதட்டில் கிரீஸ் தடவினேன். உள் ரோட்டரின் பல்லைக் கிராங்கில் இருக்கும் பெரிய பல்லோடு பொருத்திக் கையாலேயே முழுவதும் தள்ளினேன். இது பொருந்தாமல் போல்ட்டால் இழுத்தால் பம்ப் உடைந்துவிடும், இதைப் படிக்கிறவர்கள் கவனியுங்கள். புது காஸ்கெட், ஏழு போல்ட்டும் 21 நியூட்டன் மீட்டர்.

ஒரு சந்தேகம். காய்ந்த பம்ப் முதலில் ஆயிலை உறிஞ்சுமா? சிலர் கிரீஸ் அடைக்கச் சொல்கிறார்கள்.


மோல்மீன்_பட்டறை
திங்கட்கிழமை, இரவு 10.25

சாதாரண கிரீஸ் வேண்டாம், அது ஆயிலில் எளிதில் கரையாது. வாஸ்லின் சூட்டில் உருகிக் கரைந்துவிடும், அதை ரோட்டர் இடுக்குகளில் அடைக்கலாம். நீங்கள் ஏற்கெனவே மாட்டிவிட்டதால் ஸ்ட்ரெயினர் போடுவதற்கு முன்னால் அந்தத் துளை வழியாக ஆயிலை ஊற்றிக் கிராங்கைக் கையால் சுற்றுங்கள், உள்ளே இழுத்துக்கொள்ளும். ஃபில்டரிலும் ஆயில் நிரப்பி மாட்டுங்கள். பெல்ட் போட்டபின் கிராங்கை இரண்டு முழுச் சுற்று வலமாகச் சுற்றிக் குறிகள் ஒத்து வருகின்றனவா என்று பாருங்கள். எல்லாம் முடிந்ததும், இக்னிஷனையும் இன்ஜெக்டரையும் துண்டித்துவிட்டு, கேஜ் மாட்டியபடியே ஸ்டார்ட்டரைப் பத்து பத்து விநாடியாகச் சுற்றுங்கள். ஊசி எழும்பியபிறகுதான் எஞ்சினை உயிர்ப்பிக்க வேண்டும்.


ரங்கூன்_வேகன்
புதன்கிழமை, மாலை 7.20

மூன்றாவது தடவை ஸ்டார்ட்டர் சுற்றும்போது ஊசி எழும்பியது. அம்மாவும் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

குளிரில் 4.3. சூட்டில் ஐடிலில் 0.9. 2000-ல் 2.6. 3000-ல் 3.4. 3500-ல் 3.6, ஊசி அசையவில்லை. ஆயில் அதே 10டபிள்யூ-30தான்.

சம்ப் ஓரத்தில் கசிவு இல்லை. 500 கிலோமீட்டர் ஓடியதும் ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றி, அந்த ஃபில்டரையும் அறுத்துப் பார்த்து எழுதுகிறேன். பழைய பம்ப்பைக் கழுவி அலமாரியில் வைத்திருக்கிறேன். பார்க்க விரும்புகிறவர்கள் வீட்டுக்கு வரலாம்.


பெகு_லைன்கார்
புதன்கிழமை, இரவு 8.50

மிகவும் சந்தோஷம் தம்பி. எங்கள் லைன் வண்டி ஒன்றில் இரண்டு வருஷமாக 20டபிள்யூ-50 ஊற்றித்தான் லைட்டை அணைத்து வைத்திருக்கிறோம். இத்தனையும் படித்தபிறகு அதன் சம்ப்பை இறக்காமல் தூக்கம் வராது போலிருக்கிறது. மாமா, அந்தக் கேஜ் எனக்கும் கொஞ்ச நாள் கிடைக்குமா?


மோல்மீன்_பட்டறை
புதன்கிழமை, இரவு 9.10

தாராளமாக. மோல்மீனுக்கு அனுப்பிவிட்டு மறுபடி பெகுவுக்கு எதற்கு? ரங்கூன் தம்பி, நேரே அங்கே அனுப்பிவிடுங்கள்.


ரங்கூன்_வேகன்
புதன்கிழமை, இரவு 9.30

நாளைக் காலை பெகு பஸ்ஸில் போட்டுவிடுகிறேன் அண்ணே. 1/8 அடாப்டர் தனிப் பொட்டலமாக உள்ளே இருக்கும், செம்பு வாஷர் இரண்டு புதிதாக வாங்கி வைத்திருக்கிறேன். சம்ப் இறக்குவதற்கு முன்னால் அளவுகளை இங்கே எழுதுங்கள்.